எந்தத் திசு அடிபட்டது?

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடியபோது, அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து திருமழிசையில் இறக்கினார்கள். துணைக்கோள் நகரத்துக்கென்று வைத்திருந்த வெட்ட வெளி. செப்டம்பர் 28ஆம் தேதி கோயம்பேடு மறுபடி திறக்கும்வரை சென்னையின் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருட்டோடு இருட்டாக இங்கேதான் வந்து இறங்கின. மழை பெய்த நாட்களில் தரை முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில், முதுகில் மூட்டையோடு ஒருவர் லாரியிலிருந்து கடை வரைக்கும் நடப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

அவருடைய தொடைத் தசை சுருங்குகிறது. அந்த இழுவையை எலும்பிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தசைநாண். பாதம் சறுக்கும்போது கணுக்கால் மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது லிகமென்ட். முதுகெலும்புகளுக்கு நடுவில் பாரத்தை வாங்கிக்கொள்வது டிஸ்க். குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தணிப்பது அதன் அடியிலுள்ள கொழுப்பு. தசைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது தசையுறை. எல்லாப் பாரமும் கடைசியில் போய் இறங்குவது எலும்பில். இதில் தசை ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் ஒரே குடும்பம். இணைப்புத் திசு என்பது அந்தக் குடும்பத்தின் பெயர்.

சிட்கோ தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், லோடு ஏற்றுபவர்களுக்கும், கட்டட வேலை செய்பவர்களுக்கும், அவர்களை மேய்க்கும் மேஸ்திரி, சூப்பர்வைசர்களுக்கும் எழுதப்பட்ட நூல் இது. வேலையிடத்தில் யாராவது விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது, “ரொம்ப வலிக்குதாண்ணே?” கேட்க வேண்டியது வேறு: எந்தத் திசு அடிபட்டது? வலியின் அளவு நம்மை ஏமாற்றும். லேசான சுளுக்கு ஆளை அலற வைக்கும். முழுதாக அறுந்த லிகமென்ட் சில சமயம் அரைமணியில் வலி அடங்கி, “ஒண்ணுமில்ல” என்று மறுபடி மூட்டை தூக்கப் போக வைக்கும். அதுவே, எந்தத் திசு என்று தெரிந்துவிட்டால் எத்தனை நாள் ஓய்வு, எப்போது அசைக்கலாம், எப்போது ஆஸ்பத்திரி என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

செல்லுக்கு வெளியே

உடம்பில் அடிப்படையான திசுக்கள் நான்கு: போர்த்தும் எபிதீலியம், சுருங்கும் தசை, செய்தி கடத்தும் நரம்பு, நான்காவது இணைப்புத் திசு. முதல் மூன்றிலும் செல்கள்தான் எல்லாம். இணைப்புத் திசுவில் செல்கள் குறைவு. அவை சுரந்து தமக்கு வெளியே விட்டுவைத்த பொருள்தான் அதிகம். தசைநாணில் ஒரு துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பரந்த நார்க்காடும் நடுநடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஓரிரு செல்களும்தான் தெரியும்.

வெளியே இருக்கும் இந்தப் பொருளில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று அடிப்பொருள்: ஹயலுரானிக் அமிலமும் புரதத்தோடு ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கொழகொழப்பு. அழுத்தத்தைத் தாங்குவது இது. மற்றொன்று நார்கள்: இழுவையைத் தாங்கும் கொலாஜன், இழுத்தால் நீண்டு விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் எலாஸ்டின், நிணநீர் முடிச்சு, மண்ணீரல் போன்ற உறுப்புகளுக்குள் வலைபின்னும் மெல்லிய ரெட்டிகுலர் நார். இவற்றையெல்லாம் சுரப்பது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல். கூடவே கழிவையும் கிருமியையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ், வீக்கத்தைத் தொடங்கிவைக்கும் மாஸ்ட் செல், கொழுப்பைச் சேமிக்கும் செல் என்று சில துணைவர்கள்.

எந்த நார் எவ்வளவு, எந்தத் திசையில் அடுக்கப்பட்டது, அடிப்பொருள் தண்ணியாக இருக்கிறதா, ரப்பராக இருக்கிறதா, கல்லாக இறுகிவிட்டதா என்பதைப் பொறுத்தே வகைகள் பிரிகின்றன. இரத்தத்தையும் எலும்பையும் ஒரே குடும்பத்தில் வைப்பது முதலில் விசித்திரமாகப் படும். ஒன்றின் அடிப்பொருள் ஓடும் பிளாஸ்மா, மற்றதன் அடிப்பொருள் சுண்ணாம்பேறிய திடம். அமைப்பு முறை ஒன்றே.

இரண்டுக்கும் பிறப்பும் ஓரிடம்தான். கருவின் மூன்றாம் வாரத்தில் உருவாகும் நடு அடுக்கிலிருந்தே பெரும்பாலான இணைப்புத் திசு வருகிறது. நான்காம் வாரக் கடைசியில்தான் கை கால் முளைகள் தென்படும். அதுவரை கரு வடிவம் தேறாத ஒரு சிறு சதை. திருமழிசைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. இந்த ஊரில் அவதரித்த ஆழ்வார் கை கால் இல்லாத பிண்டமாகப் பிறந்து, புதரடியில் விடப்பட்டு, பிறகு உறுப்புகள் அமைந்து குழந்தையானார் என்றுதான் குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஜகந்நாதப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டு வளர்ந்த கதை.

கொலாஜனின் வடிவம் கிண்டியில் தெரிந்தது

பாலூட்டிகளின் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கொலாஜன். இந்த நாரின் உள்ளமைப்பை உலகுக்கு முதலில் சரியாகச் சொன்னவர்கள் நம்மூரில் உட்கார்ந்து சொன்னார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு.

1952இல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 30. அந்த நாட்களில் சென்னைக்கு வந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே அடையாற்றில் இருந்தது. தோல் என்பதே கொலாஜன்தானே. அங்கிருந்து சுறாத் துடுப்பின் கொலாஜன் கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாண் கைக்கு வந்த பிறகு எக்ஸ்ரே படங்கள் துலக்கமாக விழுந்தன. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்ட்டில் ‘நேச்சர்’ இதழில் மூன்று சங்கிலிகள் சேர்ந்த வடிவத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். சங்கிலிகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை என்பதில், அதே அமைப்பை ஆராய்ந்த கிரிக், ரிச் என்ற இரு அறிவியலாளர்கள் வேறுபட்டார்கள். அந்த விவரத்தில் அவர்கள் கணக்கே நின்றது. மும்முறுக்கு என்ற அடிப்படை சென்னையுடையது.

அந்த முறுக்கின் நுட்பத்தில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடத்தில் தவறாமல் கிளைசின் என்ற அமினோ அமிலம் வரும். முறுக்கின் உள்பக்கத்தில் இருக்கும் இடுக்கில் அடங்கக்கூடிய அளவுக்குச் சிறியது அது மட்டுமே. ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் போதும், முறுக்கு தளர்ந்து, தொட்டால் எலும்பு முறியும் பிறவி நோய் வரக்கூடும். அதேபோல முறுக்கு குலையாமல் நிற்க, சங்கிலியிலுள்ள புரோலினின் மேல் ஓர் ஆக்சிஜன் ஏற வேண்டும். அந்த வேலைக்கு வைட்டமின் சி அவசியம். நெல்லிக்காயையும் கொய்யாவையும் பற்றிப் பின்னால் சொல்லப்போவதன் காரணம் இதுதான்.

வேகமாகக் கடந்து போகக்கூடிய வகைகள்

தளர்வான இணைப்புத் திசு தோலுக்கு அடியிலும் உறுப்புகளுக்கு இடையிலும் நிரம்பியிருக்கிறது. அடிபட்டதும் வீங்குவது பெரும்பாலும் இங்கேதான்; இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர் தேங்க இடம் கொடுக்கிறது. கொழுப்புத் திசு சக்திக் கிடங்கு, வெப்பக் காப்பு, குதிகால் போன்ற இடங்களில் அதிர்ச்சி தாங்கி. வருடக்கணக்கில் சிமென்ட் தரையில் நிற்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குதிகால் கொழுப்பு மெலிந்து போகும். ரெட்டிகுலர் திசுவால் வேலையிடத்தில் உங்களுக்குத் தொந்தரவு வராது. இரத்தத்தில் சாதாரணமாக நார் கிடையாது. காயம் பட்டதும் அதில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் நாராகி உறைகிறது.

தோலின் உள்ளடுக்கு அடர்த்தியான வகை. நார்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் எப்பக்கம் இழுத்தாலும் தாங்கும். மாட்டின் இந்த அடுக்கைப் பதப்படுத்தினால்தான் உங்கள் ஷூ. அந்தத் தொழிலை நம் பக்கத்தில் பெரிதாக நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே இன்றைக்குக் குரோம்பேட்டை.

தசைநாணும் லிகமென்ட்டும்

இரண்டும் அடர்த்தியான வகையே. ஆனால் நார்கள் ஏறக்குறைய ஒரே திசையில், இழுவை வரும் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தசைநாண் தசையை எலும்போடும், லிகமென்ட் எலும்பை எலும்போடும் கட்டுகிறது. நம் பேச்சில் இந்த விவரம் கலங்கிப் போகிறது. மணிக்கட்டில் புடைத்துத் தெரியும் தசைநாணை நரம்பு என்கிறோம். லிகமென்ட், முழங்காலின் மெனிஸ்கஸ், முதுகின் டிஸ்க் மூன்றையும் ஜவ்வு என்கிறோம். மருத்துவரிடம் “ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்று முடிவைச் சொல்லாமல், எந்த இடம், எந்த அசைவில் வலி என்று சொல்லுங்கள். வேலை பாதி முடிந்துவிடும்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நீங்களே அந்த உறுப்பை அசைத்து, இன்னொருவர் எதிர்ப்பக்கமாகத் தடுக்கும்போது வலி கூடினால் தசைநாண் அல்லது தசை. நீங்கள் சும்மா இருக்க, அவர் மூட்டை ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்க்கும்போது வலித்தாலோ, மூட்டு வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்து கொடுத்தாலோ லிகமென்ட். எலும்பின் மேலேயே விரல் வைத்தால் துடிக்கிறது என்றால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு எக்ஸ்ரேவுக்குப் போங்கள்.

கணுக்காலுக்கு மட்டும் இதைவிடத் தெளிவான விதி இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்தது; உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிப்பக்கம் சுண்டுவிரலுக்குப் பின்னால் நடுவில் மேடாக இருக்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவின் உச்சி எலும்பிலோ வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். பூந்தமல்லி அல்லது திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட்தான் இழுபட்டிருக்கும்.

அப்படியானால் முதல் இரண்டு நாள் பாரம் ஏற்ற வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸைப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள்; வலி குறைய உதவும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேலே சுற்றுங்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை. சூடு, தைல மசாஜ், சுளுக்கு வழித்தல் எதுவும் அந்த நாட்களில் வேண்டாம். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கை இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. லேசான சுளுக்கு எப்படியும் தானாக ஆறும், மிதித்தவருக்குப் பெயர் கிடைக்கும். பாதி அறுந்த லிகமென்ட்டை மிதித்தால் மீதியும் போகும். மூசாம்பரப் பற்றால் பெரிய கெடுதல் இல்லை, தோலில் புண் இல்லாதவரை. வலி தாங்குமளவுக்கு மூன்றாம் நாளிலிருந்து பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்குங்கள். மாதக்கணக்கில் அசைக்காமல் வைப்பது தவறு. புதிதாகச் சுரக்கும் கொலாஜன் எந்தப் பக்கம் இழுவை வருகிறதோ அந்தப் பக்கமாகத்தான் தன்னை அடுக்கிக்கொள்கிறது. இழுவையே இல்லாவிட்டால் ஒழுங்கில்லாத தழும்பாக நின்றுவிடும்.

இவை ஆற இவ்வளவு காலம் எடுப்பது ஏன்? இரத்த ஓட்டம் குறைவு. தசைக்கு இரத்தம் தாராளமாக வருகிறது. தசைப்பிடிப்பு நாட்களில் தீரும். லிகமென்ட்டுக்கும் தசைநாணுக்கும் வரும் இரத்தம் சொற்பம். லேசான இழுப்புக்கு ஒன்றிரண்டு வாரம், பாதி அறுந்தால் ஒன்றரை மாதம் வரை, முழுதும் அறுந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். உள்ளே நார்கள் சீராக அடுக்கப்படுவது ஓராண்டு வரைகூட நீளும். வலி போன நாளும் திசு வலுப்பெற்ற நாளும் வேறு வேறு. மறுபடி மறுபடி அதே கணுக்கால் பிசகுகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில் மூட்டை தூக்கப் போனவர்கள்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் உடம்பிலேயே தடித்தது. அது அறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், ‘டப்’ என்ற ஓசைகூடக் கேட்கும். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டில் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையைப் பிசையுங்கள். பாதம் அசைந்தால் நாண் ஒட்டியிருக்கிறது. அசையவில்லை என்றால் அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடக்க முடிகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

கட்டு இறுகினால்

தசையுறையைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் புத்தூர்க் கட்டு. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் போட்ட பலகைகள் நம் நெடுஞ்சாலை ஓரங்களில் எத்தனையோ. எலும்பு முறிவை மூங்கில் சப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது அங்கே வழக்கம். நேராக, விலகாமல் முறிந்த எலும்பு எப்படிக் கட்டினாலும் கூடிவிடும். அதனால்தான் அந்தப் பெயர் நிலைக்கிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அறைகளின் சுவர் தசையுறை. துளியும் விரிந்து கொடுக்காத கொலாஜன். எலும்பு முறிந்தோ நசுங்கியோ உள்ளே வீங்கும்போது அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. அந்த அழுத்தம் சிறிய இரத்தக் குழாய்களை மூடிவிடும். வெளியே ஓர் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். மருந்துக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை இன்னொருவர் நீட்டிப் பார்த்தால் உயிர்போகும் வலி, விரல் மரத்துப்போதல், வெளுத்துச் சில்லிட்டுப்போதல் ஆகியவை அடையாளங்கள். உடனே கட்டைத் தோல் தெரியும்வரை அவிழ்த்துவிடுங்கள். கட்டியவர் கோபித்துக்கொள்வார் என்று பார்க்காதீர்கள். கை காலை இதயத்தின் மட்டத்தில் வைத்து, 108ஐ அழையுங்கள். விடிந்த பிறகு போகலாம் என்பது இங்கே கிடையாது. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டு இறுகினாலும் இதே விதிதான்.

இரத்தமே வராத இடம்

குருத்தெலும்பு மூன்று வகை. மூட்டு எலும்புகளின் நுனியிலும் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் வழவழப்பான ஹயலைன்; காது மடலில் எலாஸ்டின் நிறைந்தது; டிஸ்க்கிலும் மெனிஸ்கஸிலும் கொலாஜன் நார் நெருங்கிய வகை. மூன்றிலும் இரத்தக் குழாய் இல்லை என்றே சொல்லலாம். மெனிஸ்கஸின் வெளி விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஓடும். கிழிசல் அங்கே விழுந்தால் தைத்தால் ஆறும், உள்விளிம்பில் விழுந்தால் ஆறாது. மூட்டுக் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. தேய்வது தெரியாமலே தேய்ந்து, அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும் வலிக்கத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்கு உணவு மூட்டு நீரிலிருந்து ஊறித்தான் வர வேண்டும். மூட்டை அசைத்து அழுத்தி விட்டால்தான் ஊறும். மூட்டுத் தேய்மானக்காரர்கள் நடக்கவே கூடாது என்பது தவறான அறிவுரை. தொடைத் தசையை வலுப்படுத்திச் சமதரையில் நடப்பதே மருந்து. முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிஸ்க் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், லோடுமேன்களின் பிழைப்பே அதில்தான். நடுவில் தண்ணீரைப் பிடித்த கூழ், சுற்றிலும் சாய்வாக அடுக்கிய நார் வளையங்கள். சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நேக்கம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், முன்பக்கம் குனிந்தால் 150. குனிந்தபடி கையில் கனம் பிடித்தால் 220. எடை ஒன்றேயானாலும், அதை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து முதுகு படும் பாடு மாறுகிறது. மூட்டையை வயிற்றோடு அணைத்து, முழங்காலை மடக்கி எழுவது என்ற பழைய அறிவுரையின் கணக்கு இது. தூக்கியபடி இடுப்பைத் திருகுவது இன்னும் மோசம். திருகும்போது வளைய நார்களில் பாதி அடுக்குகள் தளர்ந்துவிடும், மீதிப் பாதி மட்டும் இழுவையைத் தாங்கும். பாதத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு மூட்டையைத் திருப்புங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம் அதிகம். உப்பிய டிஸ்க்கைக் குனிந்து வளைத்தால் வளையத்தில் இழுவை கூடுகிறது. நள்ளிரவுச் சந்தையில், லாரி ஹாரன் கேட்டதும் சாக்கிலிருந்து எழுந்து நேராக முதல் மூட்டையைக் குனிந்து தூக்குவதைவிட மோசமான நேரம் கிடையாது. எழுந்து அரைமணி நேரமாவது நடமாடி, டீ குடித்து, பிறகு தொடங்குங்கள். ஏற்றுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் ஒருவர் என்ற பழக்கம் நல்ல பழக்கம். குனியும் வேலையே குறைகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. அது உச்சவரம்பு, நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய எடை என்று மேஸ்திரிகள் படித்துக்கொள்ளக் கூடாது.

முதுகு வலியோடு இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சி மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமலோ தெரியாமல் போய்விட்டாலோ, அது காத்திருக்க முடியாத அவசரம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

எலும்பு

கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, அவ்வப்போது வினிகரை மாற்றிப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து, எலும்பு கையில் வளையும். மிச்சம் இருப்பது கொலாஜன். இன்னொன்றைத் தணலில் நன்றாகச் சுட்டெடுங்கள். கொலாஜன் எரிந்துபோய், வடிவம் மாறாமல் இருக்கும், தொட்டால் பொடியும். கம்பி இல்லாத கான்கிரீட்டும் கான்கிரீட் இல்லாத கம்பியும் மாதிரி. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதியில் பெரும்பங்கு கொலாஜன். எலும்புக்கு இரத்த ஓட்டம் தாராளம். லிகமென்ட் தழும்பாக ஆறும்போது எலும்பு எலும்பாகவே ஆறும். முன்கை ஒன்றரை, இரண்டு மாதத்திலும் முழங்காலுக்குக் கீழ் எலும்பு மூன்று நான்கு மாதத்திலும் கூடும். எலும்பு முறிவைவிட லிகமென்ட் அறுவதைச் சிறிய காயம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வாய் வழியாகப் போவது

ஆட்டுக்கால் சூப் குடித்தால் அதிலுள்ள கொலாஜன் நேரே நம் முழங்காலுக்குப் போகாது. குடலில் சிறு துண்டுகளாக உடைந்துதான் இரத்தத்தில் சேரும். நல்ல உணவு, ருசியான உணவு, தாராளமாகக் குடியுங்கள்; ஆயிரக்கணக்கில் விலை போட்ட கொலாஜன் பொடிக்கு அதே காசில் முட்டையும் பருப்பும் மீனும் வாங்கலாம் என்பது என் கருத்து. வைட்டமின் சி தினமும் வேண்டும், உடம்பு அதைச் செய்துகொள்ளாது. ஒரு நெல்லிக்காய், அல்லது பாதிக் கொய்யா போதும்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் குளுக்கோஸ் கொலாஜனில் ஒட்டி நார்களை விறைப்பாக்கும். தோள்பட்டை இறுகிக் கை தூக்க முடியாமல் போவதும், விரல் மடங்கிப் பூட்டிக்கொள்வதும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். காரணமில்லாமல் தோள் இறுகினால் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பலவீனமாக்கி அறுத்துவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருத்துவர் எழுதித் தராமல் அதை விழுங்காதீர்கள். எழுதித் தந்தால் நீங்கள் கனம் தூக்குகிறவர் என்பதைச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதும் நாணை மெலிய வைக்கும்.

வேலைக்குத் திரும்புவது

தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ காப்பீடு உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்தால் மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், சராசரிக் கூலியில் 90 சதவீதம் படியாகக் கிடைக்கும். அதற்குக் காயம் பட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். “சுளுக்குதானே, எழுத வேணாம்” என்று சூப்பர்வைசர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லிகமென்ட் என்று நான்கு நாள் கழித்துத் தெரியவரும்போது கையில் தாள் இருக்காது. சந்தையிலும் குடோனிலும் கூலிக்குச் சுமப்பவர்கள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்து, பதிவை மறக்காமல் புதுப்பித்து வையுங்கள்.

கணுக்கால் தயாரா என்று பார்க்க மூன்று சோதனை. அடிபட்ட காலில் மட்டும் நின்று முப்பது வினாடி தடுமாறாமல் இருக்க முடிய வேண்டும். அதே காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, மற்றக் காலில் எத்தனை முறை வருகிறதோ ஏறக்குறைய அத்தனை முறை வர வேண்டும். படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படக் கூடாது. மூன்றும் வந்தால் முதல் வாரம் வழக்கத்தில் பாதி எடை, சமதரை மட்டும், லாரிப் பலகையில் ஏற வேண்டாம். மாலையில் வீங்கினால் மறுநாள் எடையைக் குறையுங்கள். வீங்கவில்லை என்றால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.